யோர்தான் துறையில் ஒரு சொல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நலம்தானே? ஆங்கிலக் கட்டுரைகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பது என் வழக்கம். சென்ற வாரம் படித்த அரசியல் கட்டுரை ஒன்றில், ஒரு கட்சி தன் ‘பழைய ஷிபோலேத்துகளை’ விட மறுக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அகராதியைப் பார்த்தேன், குழம்பிவிட்டேன். ஒருவர் நம் கூட்டத்தைச் சேர்ந்தவரா இல்லையா என்று கண்டுபிடிக்கும் சோதனைச் சொல் என்று ஒரு பொருள். காலம் கடந்த கொள்கை முழக்கம் என்று இன்னொரு பொருள். மூலம் எபிரேயம், ‘தானியக் கதிர்’ என்று அர்த்தம் எனவும் போட்டிருக்கிறது. என் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் மின்நூலகத்துக்குள் நுழையும் பக்கத்திலும் இதே பெயர் வருகிறதாம். கதிருக்கும் கட்சிக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம்? தமிழில் இதற்கு என்ன சொல் வைக்கலாம்? கடைசியாக ஒன்று: ‘ழ’ சொல்லத் தெரியாதவன் தமிழனா என்று கேட்கிறார்களே, அதுவும் ஷிபோலேத்தானா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

கதிர் என்ற பொருளைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அந்தப் பொருளை யாரும் கண்டுகொள்ளாத ஓர் இடத்தில்தான் இந்தச் சொல்லின் கதையே தொடங்குகிறது.

பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகள் என்று ஒரு நூல் இருக்கிறது. அதன் 12ஆம் அதிகாரத்தில் ஆறே வசனங்களில் கதை முடிந்துவிடும். யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே கிலேயாத். மேற்கே மலைநாட்டில் எப்பிராயீம். இரு தரப்பும் இஸ்ரவேலர்தான். ஒரே கடவுள், ஒரே மொழி, பங்காளிகள். கிலேயாத்தின் தலைவன் யெப்தா அம்மோனியரை வென்று திரும்பியிருக்கிறான். எப்பிராயீமர் ஆற்றைக் கடந்து வந்து, எங்களை ஏன் போருக்குக் கூப்பிடவில்லை, உன்னை வீட்டோடு கொளுத்துவோம் என்று சண்டைக்கு நிற்கிறார்கள். கூப்பிட்டேன், நீங்கள்தான் வரவில்லை என்கிறான் யெப்தா. சண்டை மூள்கிறது. எப்பிராயீமர் தோற்றுப்போய், ஊர் திரும்ப ஆற்றங்கரைக்கு ஓடி வருகிறார்கள். ஆற்றை இறங்கிக் கடக்கக்கூடிய துறைகளையெல்லாம் அதற்குள் கிலேயாத்தியர் பிடித்துவிட்டார்கள்.

தப்பி வந்தவன் என்னைக் கடக்க விடுங்கள் என்பான். நீ எப்பிராயீமனா என்று கேட்பார்கள். இல்லை என்பான். சரி, ஷிபோலேத் என்று சொல் பார்க்கலாம் என்பார்கள். அவன் வாயில் அது சிபோலேத் என்றுதான் வரும். அங்கேயே பிடித்து வெட்டிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் எப்பிராயீமரில் விழுந்தவர்கள் 42,000 பேர் என்கிறது நூல்.

இதைக் ‘கடவுச்சொல்’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. கடவுச்சொல் ரகசியமாக இருக்க வேண்டும். தெரிந்தவன் உள்ளே போவான், தெரியாதவன் வெளியே நிற்பான். எதிரி அதை ஒட்டுக்கேட்டுவிட்டால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். யோர்தான் துறையில் நடந்தது இதற்கு நேர்மாறு. காவலன் அந்தச் சொல்லை எதிரியின் முகத்துக்கு நேரே சத்தமாகச் சொல்கிறான். விடையைக் கொடுத்துவிட்டுத்தான் கேள்வியே கேட்கிறான். அப்படியும் எதிரியால் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஒளித்துவைக்க எதுவுமே இல்லாத இந்தச் சோதனையின் கொடூரம் அதில்தான் இருக்கிறது. நான் எப்பிராயீமன் இல்லை என்று பொய் சொல்ல அவனுடைய புத்திக்குத் தெரிகிறது, நாக்குக்குத் தெரியவில்லை.

அந்த அதிகாரத்தில் இன்னொரு நுட்பம் உண்டு, வேகமாகப் படித்தால் தவறிவிடும். சண்டை தொடங்குவதற்கே ஓர் ஏச்சுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. கிலேயாத்தியரைப் பார்த்து எப்பிராயீமர், ‘நீங்கள் எப்பிராயீமிலிருந்து தப்பி ஓடியவர்கள்’ என்று பழிக்கிறார்கள். அடுத்த வசனத்தில் துறைக்கு உயிர் தப்பி வருகிற எப்பிராயீமரைக் குறிக்கவும் எபிரேய மூலம் அதே சொற்றொடரைப் பயன்படுத்துகிறது: ‘எப்பிராயீமிலிருந்து தப்பியவர்கள்’. ஒரு வசனம் தள்ளி அந்த ஏச்சு ஏசியவர்கள் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. இதை எழுதியவர் பெரிய கலைஞர்.

இப்போது பொருளுக்கு வருவோம். எபிரேயத்தில் ஷிபோலேத் என்றால் தானியக் கதிர். யோசேப்பின் கதையில் பார்வோன் கனவில் வரும் ஏழு கதிர்களுக்கும் இதே சொல்லின் பன்மைதான். ஆனால் சங்கீதப் புத்தகத்திலும் ஏசாயாவிலும் இதே வடிவம் பெருக்கெடுக்கும் நீரையும் ஆற்றின் ஓட்டத்தையும் குறித்து வருகிறது. சண்டை நடந்தது ஆற்றங்கரை என்பதால், துறையில் கேட்கப்பட்ட சொல்லின் பொருள் நீரோட்டம்தான் என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. எனக்கும் அதுவே இயல்பாகப் படுகிறது. ஆற்றைக் காட்டி ‘இது என்ன, சொல்’ என்று கேட்டிருக்கலாம். ஆனால் எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் கதையில் ஓர் அணுவும் மாறாது. கதிர் என்று நினைத்துச் சொன்னவனும் வெள்ளம் என்று நினைத்துச் சொன்னவனும் ஒரே மாதிரிதான் செத்திருப்பான். காவலனுக்கு வேண்டியது முதல் மெய்யெழுத்தின் ஒலி மட்டும். கதிரையும் கட்சியையும் இணைப்பது எது என்று கேட்டீர்கள். பொருள் உதிர்ந்துபோய் அடையாளம் மட்டும் எஞ்சுகிற இந்த நிலைதான் இணைக்கிறது.

கட்சிக்கு வருவதற்கு முன் எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. எபிரேயத்தில் ‘ஷ’ ஒலிக்கும் ஒருவகை ‘ஸ’ ஒலிக்கும் எழுத்து ஒன்றுதான். எந்த ஒலி என்று காட்டும் புள்ளியைப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் அறிஞர்கள் சேர்த்தார்கள். அப்படியானால் ஷிபோலேத்தையும் சிபோலேத்தையும் பழைய ஏட்டில் எப்படி வேறுபடுத்திக் காட்டுவது? எப்பிராயீமன் சொன்னதை எழுதும்போது வேறொரு ‘ஸ’ எழுத்தைப் போட்டு, எழுத்துப் பிழை போலத் தோன்றும்படி அந்த உச்சரிப்பைக் காட்டியிருக்கிறார்கள். அவர்களுடைய ஒலிகள் அக்காலத்தில் உண்மையில் எப்படி இருந்தன என்பதில் மொழியியலாளர்களுக்குள் இன்றும் வழக்கு தீரவில்லை.

கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் பாடு இன்னும் சிக்கல். கிரேக்கத்தில் ‘ஷ’ ஒலியே கிடையாது. அதனால் ஒரு பிரதி மரபில் ‘கதிர் என்று சொல்’ என்று கிரேக்கச் சொல்லையே போட்டுவிட்டார்கள். இன்னொரு மரபில் ‘அடையாளச் சொல்லைச் சொல்’ என்று இருக்கிறது. இரண்டையும் வாசிப்பவனுக்கு, அவன் ஏன் செத்தான் என்பது பிடிபடாது.

தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை, கிரந்த எழுத்து கையில் இருந்தது. பழைய தமிழ் வேதாகமத்தில் ஷிபோலேத், சிபோலேத் என்று இரண்டும் அழகாக எழுத்திலேயே வேறுபட்டு நிற்கின்றன. ஆனால் அதை உரக்க வாசித்துப் பாருங்கள். நம்மில் எத்தனையோ பேருக்கு ‘ஷ’ இயல்பாக ‘ச’ ஆகத்தான் வரும். ஷண்முகம் நம் வாயில் சண்முகம் ஆகி எத்தனையோ காலம் ஆகிறது. தமிழ் வேதாகமத்தின் அந்த வசனத்தை வாசிக்கும் தமிழர்களில் பாதிப் பேர் தம்மையறியாமல் எப்பிராயீமரின் நாக்கோடுதான் வாசிக்கிறார்கள். அந்தத் துறையில் நின்றிருந்தால் நாம் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாக்கு ஏன் இப்படிச் சண்டித்தனம் செய்கிறது? காது முதலில் கைவிட்டுவிடுவதுதான் காரணம். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வு மொழி ஆராய்ச்சியில் புகழ்பெற்றது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தியின் ‘ட’ ஒலியையும் ‘த’ ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். நமக்கு அவை பகலும் இரவும் போல வேறுவேறு. ஆங்கிலேயருக்கு இரண்டும் ஒன்றே. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலும் அந்தத் திறன் போய்விட்டது. வீட்டில் தேவைப்படாத வேறுபாட்டை, முதல் சொல்லைப் பேசும் வயதிலேயே குழந்தையின் காது கழித்துக்கட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு கற்றுக்கொள்ளவே முடியாது என்றில்லை, பயிற்சியால் வரும். ஆனால் கழுத்தில் கத்தி இருக்கும்போது வராது.

அதனால்தான் வேறு பல காலங்களிலும் இடங்களிலும் மக்கள் இதே முறையைக் கையாண்டிருக்கிறார்கள். 1282இல் சிசிலித் தீவினர் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக எழுந்தபோது, கொண்டைக்கடலையைக் குறிக்கும் ‘சிச்சிரி’ என்ற தங்கள் சொல்லைச் சொல்லச்சொல்லிப் பிரெஞ்சுக்காரர்களைப் பிரித்தார்கள் என்பது மரபுவழிக் கதை. 1302 மே மாதத்தில், இன்றைய பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரில் பிரெஞ்சுக்காரர்களைப் பிரிக்கக் ‘கேடயமும் நண்பனும்’ என்று பொருள்படும் தொடர். இரண்டாம் உலகப் போரில் டச்சுக்காரர்கள் ஜெர்மன் ஒற்றர்களைக் கண்டுபிடிக்க ஸ்கெவனிங்கன் என்ற கடற்கரை ஊரின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பெயரின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் ‘ஸ’ சொல்லித் தொண்டையிலிருந்து ஒரு ‘ஹ’வைக் கரகரப்பாக இழுப்பார்கள், ஜெர்மானியருக்கு எழுத்தைப் பார்த்ததும் ‘ஷ’ வந்துவிடும். யோர்தானில் ‘ஷ’ வராதவன் மாட்டினான், இங்கே ‘ஷ’ வந்தவன் மாட்டினான்.

இவையெல்லாம் வரலாற்றின் சுவையான துணுக்குகளாகச் சொல்லப்படுகின்றன. 20ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் சுவை போய்விடும்.

1923 செப்டம்பர் 1ஆம் தேதி ஜப்பானின் கான்டோ பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. தோக்கியோவும் யோகோகாமாவும் தீயில் எரிந்துகொண்டிருக்கும்போது, கொரியர்கள் கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. தெருவுக்குத் தெரு காவல் குழுக்கள் முளைத்தன. சந்தேகப்பட்டவர்களை நிறுத்தி ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள்: ஜூகோ என் கோஜிஸ்ஸென். கொரிய மொழியில் சொல்லின் முதலில் ‘ஜ’ போன்ற அதிரும் ஒலி வராது. ‘கோவிந்தன்’ என்று சொல்லும்போது முதலில் வரும் ஒலியும் வராது. அவர்கள் வாயில் ஜூ என்பது சூ என்பதை நெருங்கிவிடும். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம், தமிழின் வல்லினமும் அப்படித்தான். சொல்லின் முதலில் ஒரு விதமாகவும் இடையில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும், எழுத்து ஒன்றே. ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். அதோடு நிற்கவில்லை. செப்டம்பர் 6ஆம் தேதி சிபா மாநிலத்தின் ஃபுகுதா கிராமத்தில், தொலைவிலுள்ள ககாவாவிலிருந்து மருந்து விற்க வந்த ஜப்பானிய வியாபாரிகளை வளைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய வட்டார வழக்கு அந்தக் கிராமத்தாருக்கு அந்நியமாகப் பட்டது. ஒன்பது பேரைக் கொன்றார்கள், குழந்தைகள் உட்பட.

1937 அக்டோபரில் டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி த்ரூஹியோவின் ஆணைப்படி எல்லைப் பகுதியில் வாழ்ந்த ஹெய்தியர்கள் கொல்லப்பட்டதை ‘பெரெஹில் படுகொலை’ என்கிறார்கள். பெரெஹில் என்பது ஸ்பானிய மொழியில் கொத்தமல்லி போன்ற ஒரு கீரையின் பெயர். படைவீரர்கள் அந்தக் கீரையைக் காட்டி இது என்ன என்று கேட்டதாகவும், நடுவில் வரும் ‘ர’வை ஹெய்தியர் வாயால் ஸ்பானியர் போலச் சொல்ல முடியாததாகவும் சொல்லப்படுகிறது. ஆனால் இதை ஆராய்ந்த வரலாற்றாளர்கள் சிலர் ஒரு முக்கியமான விஷயத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள். கொல்லப்பட்டவர்களில் நிறையப் பேர் அந்த எல்லையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், இரண்டு மொழியும் சரளமாகப் பேசியவர்கள். அவர்களிடம் அந்தச் சோதனை வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு இனங்கள் முற்றிலும் வேறு என்ற கற்பனையை நிலைநாட்டவே பயன்பட்டது. ஷிபோலேத்தைப் பற்றி நான் படித்ததில் என்னை மிகவும் உலுக்கிய வாதம் இது. கிலேயாத்தியரும் எப்பிராயீமரும் பங்காளிகள் என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். தோற்றம், உடை, தொழில், கடவுள் என்று வேறு எதை வைத்தும் பிரிக்க முடியாதவர்களைப் பிரிக்கத்தான் ஒரு மெய்யெழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொழும்பில் வாகனங்களை மறித்த கும்பல்கள், வாளிக்கான சிங்களச் சொல்லான ‘பால்திய’வைச் சொல்லும்படி பயணிகளைக் கேட்டதைத் தப்பி வந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் முதலெழுத்து ‘பாரதம்’ என்பதில் உள்ளதைப் போல அதிர்ந்து ஒலிக்க வேண்டும். தமிழ் இலக்கணப்படி சொல்லின் முதலில் அந்த ஒலிக்கு இடமில்லை. வீட்டில் ‘வாளி’ என்று சொல்லி வளர்ந்த வாய் அங்கே தடுமாறும். இதில் வேதனையான ஒன்று சொல்கிறேன். பால்திய என்பது சிங்களத்தின் சொந்தச் சொல்லே அல்ல. ‘பால்தே’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. கடல் கடந்து வந்து தீவைப் பிடித்தவர்கள் விட்டுப்போன ஒரு பாத்திரத்தின் பெயரை வைத்து, யார் இந்த மண்ணுக்கு உரியவர் என்று சோதித்திருக்கிறார்கள்.

சரி, கட்சிக்கு வருவோம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் வேதாகமம் வழியாக நுழைந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மதப் பிரிவுகளின் சண்டைக்களமாக இருந்தது. எல்லோரும் வேதாகமத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். மில்டன் 1671இல் வெளியிட்ட சிம்சோனைப் பற்றிய நாடகக் கவிதையிலும் இந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்காமல் மடிந்தவர்கள் வருகிறார்கள். அந்தக் காலத்தில்தான் ஷிபோலேத் என்பது ஆற்றங்கரையை விட்டு மேலேறி, ஒரு கூட்டத்தை அடையாளம் காட்டும் எந்தப் பேச்சு வழக்குக்கும், பிறகு எந்தக் கொள்கைத் தொடருக்கும் பெயராயிற்று.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதற்கு அதே நூற்றாண்டிலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அப்போது தோன்றினார்கள். அன்றைய ஆங்கிலத்தில் நம்மைப் போலவே ‘நீ’, ‘நீங்கள்’ என்று இரண்டு முன்னிலைச் சொற்கள் இருந்தன. ‘தௌ’ என்றால் நீ, ‘யூ’ என்றால் நீங்கள். பெரியவர்களையும் பணக்காரர்களையும் நீங்கள் என்றும் எளியவர்களை நீ என்றும் அழைப்பது மரியாதை. கடவுள் முன் எல்லோரும் சமம் என்று நம்பிய குவேக்கர்கள், நீதிபதியே ஆனாலும் நீ என்றுதான் கூப்பிடுவோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். அதற்காக அடியும் பட்டார்கள், சிறைக்கும் போனார்கள். நீதிமன்றத்தில் நின்றுகொண்டு நீதிபதியை ‘நீ’ என்று கூப்பிடுவதைக் கற்பனை செய்து பாருங்கள், அந்தத் துணிச்சலின் அளவு புரியும். அந்தச் சொல்லில் அவர்களுடைய மொத்த சமயமும் இருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? காலப்போக்கில் பொது ஆங்கிலமே ‘நீ’யைக் கைவிட்டுவிட்டது. அரசனுக்கும் ஆண்டிக்கும் ‘யூ’ ஒன்றே போதும் என்றாகிவிட்டது. குவேக்கர்கள் கேட்ட சமத்துவம், அந்தச் சொல்லளவிலாவது, வேறு வழியில் வந்து சேர்ந்தது. ஆனால் குவேக்கர்கள் தங்களுக்குள் பழைய ‘நீ’யைத் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டார்கள். இப்போது அந்தச் சொல் எந்த அதிகாரத்தையும் எதிர்க்கவில்லை. பேசுபவர் குவேக்கர் என்பதை மட்டும் தெரிவித்தது. உயிரைக் கொடுத்துக் காத்த ஒரு கொள்கை, சொல் மாறாமலேயே கூட்டத்தின் அடையாளச் சின்னமாகிவிட்டது.

உங்கள் கட்டுரையாளர் அந்தக் கட்சியைப் பற்றிச் சொன்னது இதைத்தான். அந்த முழக்கங்கள் ஒரு காலத்தில் எதையோ சொன்னவை. இப்போது, சொல்பவர் நம் ஆள் என்று காட்டுவதற்காக மட்டும் சொல்லப்படுகின்றன என்கிறார். அவர் சொன்னது சரியா என்பது வேறு விஷயம். எதிர்த் தரப்பின் கொள்கையை மதிப்பிறக்க எழுத்தாளர்கள் சுலபமாக எடுத்து வீசும் சொல் இது. உள்ளே இருப்பவர் தன் கொள்கையை ஒருபோதும் ஷிபோலேத் என்று சொல்லமாட்டார். அதனால் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைக் கண்டால், எழுதியவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்றும் பார்த்துவிடுங்கள்.

உயிர் போகாத சின்னச் சின்ன ஷிபோலேத்துகளும் உண்டு. வட அயர்லாந்தில் ஆங்கிலத்தின் எட்டாவது எழுத்தை ‘எய்ச்’ என்றால் புராட்டஸ்டன்ட் வீட்டுப் பிள்ளை, ‘ஹெய்ச்’ என்றால் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை என்று ஊகிப்பார்கள். கலவரக் காலத்தில் அந்த ஊகம் விளையாட்டாக இருக்கவில்லை.

மகளின் பல்கலைக்கழகப் பக்கத்தில் வருவது ஒரு மென்பொருளின் பெயர். அமெரிக்காவின் இன்டர்நெட்2 என்ற கல்வி வலையமைப்பு 2000இல் தொடங்கி, 2003இல் முதல் பதிப்பை வெளியிட்டது. ஒரு மாணவி வேறோர் இடத்திலுள்ள ஆய்விதழைப் படிக்கப் போகும்போது, அந்த இதழிடம் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய பல்கலைக்கழகமே ‘இவர் எங்கள் மாணவிதான்’ என்று அங்கே உறுதிசொல்லிவிடும். இன்னாரென்று பெயரைக்கூடச் சொல்லாமல், இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்பதால் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. இருந்தாலும் யோர்தான் துறையை நினைத்தால், நான் அந்தப் பெயரை வைத்திருக்கமாட்டேன்.

கணினி இதைவிடக் கவலைதரும் இன்னோர் இடத்திலும் வந்திருக்கிறது. அடைக்கலம் தேடி வருபவர் சொல்லும் நாட்டிலிருந்துதான் வருகிறாரா என்று அவருடைய பேச்சை வைத்துச் சோதிப்பதை ஐரோப்பிய நாடுகள் சில 1990களிலிருந்து செய்கின்றன. ஜெர்மனியின் குடியேற்ற அலுவலகம் 2017இல் இதற்கு மென்பொருளையே கொண்டுவந்தது. பேச்சைப் பதிவு செய்து, எந்த அரபு வழக்கு என்று இயந்திரம் விழுக்காட்டில் சொல்லும். இத்தகைய சோதனைகளில் எத்தனை கவனம் வேண்டும் என்று மொழியியலாளர்கள் குழு ஒன்று 2004இலேயே வழிகாட்டுக் குறிப்புகள் வெளியிட்டது. எல்லை ஊரில் பிறந்தவர், அகதி முகாமில் பத்து வருடம் வேறு வழக்கைக் கேட்டு வளர்ந்தவர், அதிகாரிக்குப் புரியட்டும் என்று தன் பேச்சைத் தானே மாற்றிக்கொள்பவர், இவர்களுடைய நாக்கு எந்த நாட்டைச் சேர்ந்தது? சோதனை தவறானால் அவர் திருப்பி அனுப்பப்படலாம்.

தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்றீர்கள். ஒரே சொல்லைத் தேடாதீர்கள் என்பேன். அரசியல் கட்டுரையில் வருவதற்கு ‘வெற்று முழக்கம்’ அல்லது ‘பழைய பல்லவி’ நன்றாகவே பொருந்தும். கூட்டத்தை அடையாளம் காட்டும் வழக்கைக் ‘குழு அடையாளம்’ எனலாம். உயிரோடு விளையாடிய அந்த முதல் பொருளுக்கு மட்டும் ஷிபோலேத் என்றே எழுதுங்கள். தமிழ் வேதாகமம் படித்த தலைமுறைகளுக்கு அது ஏற்கெனவே தமிழ்ச் சொல்தான்.

இனி ழகரம். அந்த ஒலி எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்கு அதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஊடகங்களில் பேசுபவர்கள் பயிற்சி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் உடன்பாடுதான். அது மொழியைப் பேணுவது. ஆனால் ‘ழ வராதவன் தமிழனா’ என்று கேட்கிற அந்த நொடியில் கேள்வி மொழியைப் பற்றியதாக இல்லாமல் போய்விடுகிறது. பழத்தைப் பளம் என்றும் பயம் என்றும் சொல்கிற வட்டாரங்கள் எத்தனையோ உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறெதுவும் பேசாதவர்கள் அவர்கள். நாம் ஏந்திப் பிடிக்கும் நாட்டார் பாடல்களில் பாதி அவர்கள் வாயில் பிறந்தவை. அவர்களை நிறுத்தி ஒரு மெய்யெழுத்தைச் சொல்லச்சொல்லித் தரம் பிரித்தால், ஆம் எம்., அது ஷிபோலேத்தேதான். உங்கள் எதிரில் யாராவது அப்படிக் கேட்டால், நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தை அவரிடம் கொடுத்து ஆறாம் வசனத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.